'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே

நூலக வேலை என்றால் ஃபேனுக்கடியில் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைப்பவர்கள், பௌர்ணமிக்கு மறுநாள் வந்து பாருங்கள். மலை சுற்றிய களைப்பில் அந்த ஃபேனுக்கடியில் தூங்குபவர்களை எழுப்புவதும் என் வேலைதான்.

பத்துக்கு ஒன்பது

நூலகப் படிப்பில் 'நூலகம் எல்லோருக்கும்' என்று ஒரு பாடம். அதில் பத்துக்கு ஒன்பது வாங்கியவள் நான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் இறங்கி, கோலைத் தட்டிக்கொண்டு செல்வி வந்தாள். பார்வை கிடையாது. அரசு வேலைத் தேர்வுக்கு மூன்றே வாரம். பொது அறிவுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "ஃபோனே படிச்சுக் காட்டுமே" என்றேன்.

"காட்டும் மேடம். வாயில சுடுசோறு வெச்சிகினு படிக்கிற மாதிரி இருக்கும். நீங்க படிங்களேன்."

புகார் புத்தகம்

பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் வாய்மேல் விரல் வைத்து வளர்ந்தவள் நான். தலைக்கு மேல் 'அமைதி காக்கவும்' பலகை வேறு. தற்காலிக வேலை, வீட்டில் எட்டு மாதக் குழந்தை. ஒரு புகார் போதும், வேலை போக. மூலை மேஜையில் கிசுகிசுவென்று படிக்க ஆரம்பித்தேன்.

நான்காம் நாள், எல்லாப் பேப்பரையும் மடியில் அடைகாக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் எழுந்து வந்தார். புகார் புத்தகத்தை வாங்கி அரைப் பக்கம் எழுதினார்.

"அதிகாரி வந்தா மொதல்ல இதக் காட்டும்மா. மறைச்சிடாத."

ஆவன செய்யவும்

படித்துப் பார்க்கத் துணிவில்லை. டிராயரில் வைத்துப் பூட்டினேன். செல்வியிடம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். "பரீட்சை நமக்காக நிக்காது மேடம்" என்றாள். போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாளே நூலக அதிகாரி ஆய்வுக்கு வந்துவிட்டார். புகார் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பிரித்து உரக்கப் படித்தார்: 'நூலகர் படிப்பது எங்கள் மேஜைவரை கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் கேட்டால் போதுமா? சத்தமாகப் படிக்க ஆவன செய்யவும்.' புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"புகார்னா நடவடிக்கை எடுக்கணும் இல்ல? பின்னாடி ரூமைத் தொறங்க. அங்க சத்தமா படிங்க."

சார் படிக்கிறார்

செல்வி முதல்நிலைத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்த தேர்வுக்கு, நான் கவுண்டரில் இருக்கும் நேரங்களில் தாசில்தாரே படிக்கிறார். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். போன வாரம் செல்வி என் பக்கம் குனிந்தாள்.

"மேடம், சார் ஒரு கேள்வி படிச்சா, தன் சர்வீஸ் கதை ஒம்போது சொல்றாரு. நீங்களே வந்துடுங்க."

பலகை இன்னும் என் தலைக்கு மேல்தான் தொங்குகிறது; அதற்குப் பயந்த ஒரே ஆள் நான்தான் என்று தெரிய எனக்கு ஒரு புகார் தேவைப்பட்டது.