தேவநாதன் விட்டுப்போன சண்டை

தேவநாதன் இறந்த செய்தி எங்கள் தட்டாஞ்சாவடி ஆபீஸுக்கு வந்தபோது நான் எரிச்சலில் இருந்தேன். சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் விடை தராமல் மறுபடியும் நின்றுபோயிருந்தது. போனில் அவருடைய தம்பி முருகையன். “அண்ணன் நம்மள வுட்டுட்டு பூட்டாரு சார்.” மஞ்சள் காமாலை என்று படுத்தவர் எழுந்து வந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் இருந்தோம். போனை வைத்துவிட்டு அதே கணக்கைத் திரும்ப ஓடவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தேவநாதன் பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்துக்காரர், வாய்த்துடுக்கு அதிகம். மீன்பிடிப் படகுகளுக்கு வயர்லெஸ் செட் செய்யும் எங்கள் சின்னக் கம்பெனியில் டிசைன் பார்த்தது அவரும் நானும்தான். டவுன்காரனான என்னை, பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல, முசியே என்று கேலியாகக் கூப்பிடுவார். நான் சேர்ந்த புதிதில், செட்டின் அலைவரிசையை உண்டாக்கும் ஆசிலேட்டரைச் சிமுலேட்டரில் ஓடவிட்டேன். அலையே வரவில்லை, திரையில் வெறும் கோடு. “யோவ் முசியே, நெசமான சர்க்யூட்டுல எரைச்சல் இருக்குது, அதுவா கெளம்பிடும். கம்ப்யூட்டர்ல ஏது எரைச்சல்? ஒரு தட்டு தட்டி எழுப்பி வுடு!” ஆபீஸே சிரித்தது.

புது செட்டை விற்பனைக்கு அனுப்ப முதலாளி அவசரப்பட்டபோது, அதன் ஃபேஸ் நாய்ஸைப் பற்றிச் சண்டை வந்தது. ஆசிலேட்டரின் துடிப்பு நேரம் தவறித் தடுமாறுவதுதான் ஃபேஸ் நாய்ஸ். அது அதிகமானால், பக்கத்து அலைவரிசையில் யாராவது உரக்கப் பேசும்போது தூரத்துப் படகின் குரல் அமுங்கிப்போகும். “சிமுலேஷன்ல பாஸ் ஆயிடுச்சே, அப்பறம் என்னா?” என்றார் முதலாளி. தேவநாதன் மேசையில் ஓங்கி அடித்தார். “ஓடுற சர்க்யூட்ட ஒரே எடத்துல நிறுத்தி வச்சி அளந்தா அது ஒரு கணக்கா? மொதல்ல அலையோட ஒரு சுத்த முழுசா கண்டுபுடிக்கணும். அந்த சுத்துல எந்த எடத்துல இடிச்சா எவ்ளோ நவுருதுன்னு பாக்கணும். உச்சியில இடிச்சா உசரம் மாறும், தானா சரியாயிடும். நடுவுல ஏறும்போது இடிச்சா நேரம் தள்ளிப்போவும். போன நேரத்த எவன் திருப்பிக் குடுப்பான்?”

அந்த முழுச்சுற்றுக் கணக்கு லேசில் முடியாது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்பதையும் சிமுலேட்டரே தேட வேண்டும். நாம் கொடுக்கும் தொடக்க மதிப்பு பிசகினால் பாதியில் நின்றுவிடும். அது அவருக்குக் கைவந்த வேலை. அவர் காமாலையில் படுத்துவிட, அது என் தலையில் விழுந்தது, எனக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனபோது கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தார். “முடிஞ்சுதாய்யா?” என்றார். இல்லை என்றேன். “இன்னும் கொஞ்சம் ஓட வுடு. அலை நெலைக்கு வந்தப்பறம் தேடச் சொல்லு. அவசரப்படாத.” அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன்.

அடக்கம் முடிந்து வந்து அவர் சொன்னபடியே செய்தேன். விடை வந்தது. ஃபேஸ் நாய்ஸ் அவர் பயந்த அளவுக்கு மோசம். முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். செட்டுகள் அதற்குள் கடைகளுக்குப் போய்விட்டிருந்தன.

கருமாதியன்று முருகையன் என்னைத் தன் படகுக்குக் கூட்டிப்போனார். அதில் எங்கள் புது செட். “கடையில பாத்தவொடனே வாங்கிட்டேன் சார். அண்ணன் செஞ்சதாச்சே!” “அத கழட்டிடுங்க முருகையா. பக்கத்துல ஆளு பேசிக்கிட்டு இருந்தா, தூரத்துலேர்ந்து கூப்புடறது இதுல கேக்காது. இத அனுப்பக் கூடாதுன்னு உங்க அண்ணனே சண்ட போட்டாரு” என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். “அண்ணன் கை பட்டத கழட்டச் சொல்றீங்களே சார், இது நல்லாவா இருக்குது?”

தேவநாதனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இந்தச் சண்டையைத்தான். அவர் தொண்டை எனக்குக் கிடையாது. செட்டுகளைத் திரும்ப வாங்கச் சொல்லி இன்று காலையும் முதலாளியிடம் போனேன். “அப்பறம் பாக்கலாம்” என்றார். முருகையன் விடியும் முன்பே அந்த செட்டோடு கடலுக்குப் போய்விட்டாராம்.