மாமா வைத்த பூச்சிப் போட்டி

எனக்கு அப்போது ஒன்பது வயது. தங்கைக்கு மூன்று; அவள் மழலை யாருக்கும் புரியாது. என் வாயிலோ ஒன்றும் நிற்காது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எனக்கு உயிர். அதனாலேயே அவரைப் பற்றி எல்லாரிடமும் பேசுவேன். உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவர் போன் பேசுவதை வீட்டில் சொன்னதும் நான்தான்.

ஒருநாள் மழை பெய்து பாத்தியிலிருந்த உப்பெல்லாம் கரைந்துவிட்டது. உப்பளத்தில் மாமாவுக்கு வேலையில்லை. மறுநாள் பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போவதாக மாமா சொன்னார். அவருடைய கிழட்டு மொபெட் இரண்டு பிள்ளைகளைச் சுமக்காது. "யாரு பெரிய பூச்சியா புடிச்சாந்து காட்றீங்களோ, அவங்கதான் எங்கூட" என்றார்.

எனக்கு மலையேறியே ஆகவேண்டும். எருக்குவியலைக் கிளறி, மூக்கில் கொம்பு வைத்த காண்டாமிருக வண்டைப் பிடித்துவந்தேன். தென்னங்குருத்தையே குடைந்து தின்கிற தடியன் அது. தங்கை, சாலையோர எருக்கஞ்செடியில் இலை மென்றுகொண்டிருந்த மஞ்சளும் நீலமுமான வெட்டுக்கிளியை இலையோடு பறித்துவந்தாள்.

மாமா இரண்டையும் தன் பட்டன் போன் மேல் வைத்து அளந்தார். வெட்டுக்கிளிதான் நீளம்.

"நீளமா இருந்தா பெருசா மாமா? எடை போட்டுப் பாருங்க!" என்று கத்தினேன்.

மாமா ஒரு குச்சியின் இரு முனையிலும் கொட்டாங்குச்சி கட்டித் தராசு செய்தார். என் வண்டு இருந்த பக்கம் சட்டென்று இறங்கியது. நான் குதித்தேன். மாமாவுக்கு ஏனோ முகம் வாடிவிட்டது.

"இரு இரு, றெக்கைய விரிச்சும் பாக்கணும்ல" என்று வண்டின் முதுகு ஓடுகளை விரலால் லேசாகத் தூக்கினார். விளக்கு வைக்கிற நேரம். வண்டு விர்ரென்று கிளம்பித் தோப்புப் பக்கம் போயே போய்விட்டது.

"இல்லாத பூச்சிய எப்பிடிம்மா பெருசுன்றது?" என்றார், ரொம்ப வருத்தப்பட்டவர்போல.

மறுநாள் தங்கைதான் போனாள். சாயங்காலம் கைநிறையப் புது வளையலோடு வந்து ஏதேதோ சொன்னாள், யாருக்கும் புரியவில்லை. நான் இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை.

மறுவருஷம் மாமாவுக்குப் பெருமுக்கலிலேயே பெண் எடுத்தார்கள். கல்யாணத்தன்று புதுப்பெண் தங்கையைக் கண்டதும், "ஏய் வெட்டுக்கிளி, வாடி" என்று இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். அவளுக்கு இவளை எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் ஆத்திரமெல்லாம் வேறு. மாலையும் கழுத்துமாக நின்ற மாமாவிடம் போய், எல்லார் காதிலும் விழும்படி, "எடையில என் வண்டுதான மாமா ஜெயிச்சுது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே என் வாயைப் பொத்தினார்.