தலைவர் வைத்த பெயர்

பிறந்து பதினொரு மாதம் வரை எனக்குப் பெயர் கிடையாது. கட்சித் தலைவர் மலையேறி வந்து வைத்தால்தான் ஆச்சு என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றாராம். கொடி கட்டுகிறவராகக் கட்சியில் சேர்ந்து, எஸ்டேட் தொழிற்சங்கத்தில் மேலே வந்து, கவுன்சிலராகவும் ஆகியிருந்தவர் அவர். அம்மா மனதில் வேறொரு பெயர் இருந்தது. அதை யார் கேட்டார்கள்!

ஒருவழியாகத் தலைவர் குன்னூருக்கு வந்து, என்னைத் தூக்கி, வெற்றிச்செல்வி என்று பெயர் வைத்தார். பேச்சு வந்ததும் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். யார் பெயர் கேட்டாலும், "வெற்றிச்செல்வி. தலைவர் வெச்ச பேருங்க!" என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். வந்தவர்கள் கைதட்டுவார்கள். அப்பாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

எனக்கு ஏழு வயதானபோது, அப்பா எதிர்பார்த்த சேர்மன் சீட்டைக் கட்சி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. ஒரே வாரம்தான். ஹாலில் தலைவர் படம் போய் ஆணி மட்டும் மிஞ்சியது. எதிர்க்கட்சித் தலைவர் குன்னூர் வருகிறார், அவர் முன்னால் அப்பா அந்தக் கட்சியில் சேருகிறார், சீட்டு உறுதி என்று வீடெல்லாம் பேச்சு.

கூட்டத்துக்கு முந்தின நாள் அடுப்படியில் அம்மா, "ஏனுங்க, புள்ளையென்ன கொடிக்கம்பமா, கட்சி மாறுனா வேற பெயிண்டு அடிக்கறதுக்கு?" என்று கேட்டாள். எதைப் பற்றிய பேச்சு என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை தலை பின்னிவிடும்போது, "ஆரு பேரு கேட்டாலும் முழுசாச் சொல்லோணும் கண்ணு. பாதியில நிறுத்தக் கூடாது" என்றாள். இதில் என்ன புதுசு என்று தலையாட்டினேன்.

மேடையில் புதுத் தலைவர் அப்பாவுக்குத் துண்டு போர்த்தினார். உடனே அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு மைக்கில் சொன்னார்: "புள்ளைக்கு இன்னும் பேரே வெக்கலீங்க. உங்க வாயால வெக்கோணும்னுதான் இத்தன வருசமாக் காத்திருக்கறமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாம் வகுப்பில் தினமும் பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுக்கிறார்களே, எனக்கா பெயரில்லை? அப்பா பொய் சொல்கிறார், அதுவும் இத்தனை பேருக்கு முன்னால், கொஞ்சமும் கூசாமல்!

புதுத் தலைவருக்கே சிரிப்பு வந்தது. "இவ்வளவு பெரிய பொண்ணுக்குப் பேரில்லையா? வீட்ல உன்னை என்னன்னும்மா கூப்பிடுவாங்க?" என்று மைக்கை என் வாயருகே நீட்டினார்.

"வெற்றிச்செல்வி. தலைவர் வெச்ச பேருங்க!"

எதிர்ச்சரிவுத் தேயிலைத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும், அத்தனை ஒலிபெருக்கி. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். புதுத் தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மலைப்பாதையின் குண்டும்குழியும் பற்றிப் பேசத் தொடங்கினார். அப்பா என்னைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டார்.

சேர்மன் சீட்டு அங்கேயும் கிடைக்கவில்லை. அந்த வீடியோ மட்டும் இன்றும் யார் யார் போனிலோ ஓடிக்கொண்டிருக்கிறது.

திரும்பும்போது ஜீப்பில் அப்பா, "அப்படிச் சொல்ல உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"நீங்கதானுங்கப்பா" என்றேன்.

பேக்கரி வந்ததும் பின்சீட்டில் என்னோடு இருந்த அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். நான் கேட்காமலேயே சூடான வர்க்கி ஒரு பொட்டலம் வாங்கி, மொத்தத்தையும் என் மடியில் வைத்தாள். அப்பாவிடம் அடி வாங்கப்போகிறேனே என்று ஆறுதலுக்குத் தருகிறாள் போல என நினைத்து, அழுதுகொண்டே தின்றேன். பரிசு என்று தெரிந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன்.