நம்பர் பிளேட்டில் சேறு

காஞ்சிபுரத்தில் பல வருடங்களாக டாக்சி ஓட்டி அலுத்தவன் நான். ஏறுவதற்கு முன் வண்டி எண்ணைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புகிறவர்களைக் கண்டால் அலுப்பு இன்னும் கூடும். நம்மைத் திருடன் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அன்று ரயில் நிலையத்தில் ஏறிய வெளியூர்ப் பெண்ணும் வண்டிக்குப் பின்னால் நின்று படமெடுத்தார்.

"பயப்படாம ஏறுங்கம்மா, நானும் பொண்ணு பெத்தவன்தான்" என்றேன் எரிச்சலோடு. அவர் படத்தை அனுப்பி முடித்த பிறகே ஏறினார்.

சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் முன் நிறுத்தியபோது என் போன் ஒலித்தது. வேலைக்கான நேர்காணலுக்கு முதன்முறையாகச் சென்னைக்குத் தனியே போயிருந்த மகள், ஏதோ ஒரு டாக்சியின் எண்ணைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அனுப்பாமல் ஏறாதே என்று காலையில் நான்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுகிறவர் எப்படிப்பட்டவரோ.

இறங்கிப் பின்னால் போனேன். காலைச் சவாரியில் அடித்த தென்னேரிச் சாலையின் சேறு என் வண்டி எண்ணில் பாதியை மறைத்திருந்தது. துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, கோயிலுக்குள் நுழையப்போன அந்தப் பெண்ணை அழைத்தேன்.

"அடுத்து திருமுக்கூடல் வரைக்கும் போவணும்மா. முன்ன எடுத்ததுல நம்பர் தெரிஞ்சிருக்காது. இப்ப ஒண்ணு எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க."