சமையல் வண்டியருகே ஐந்து பேர்

ஹன்னா கிரிம்ஷா பன்னிரண்டு வயதில் தறிக்கொட்டகைக்குள் போனவர். இங்கிலாந்தின் லங்காஷயரில், எங்கள் ஊரில் நெசவாளிகள் வேலை நேரத்தில் வாய்விட்டுப் பேசுவதில்லை. தறிகளின் இரைச்சலில் எதுவும் கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே ஊர்வம்பு முழுவதும் நடக்கும்.

அவருடைய ஒரே மகன் வில்ஃப், முதல் உலகப் போரில் படைச் சமையல்காரன். பிரான்சுக்குப் புறப்படுமுன் பயிற்சி முகாமில் எடுத்த படம் ஒன்று உண்டு. சக்கரம் வைத்த சமையல் வண்டி, கரி படிந்த புகைபோக்கி, தகரக் கிண்ணங்கள், சுற்றிலும் ஐந்து பையன்கள். நடுவில் அகப்பையைத் துப்பாக்கிபோல் தோளில் சாத்திக்கொண்டு வில்ஃப்.

மற்ற நால்வரை எதிரி கொன்றான். வில்ஃபைச் சொந்தப் படையே கொன்றது. குண்டுவீச்சில் புத்தி கலங்கி எங்கோ அலைந்தவனைக் கோழை என்று தீர்ப்பெழுதி, கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். தீர்ப்பெழுதியவர்கள் மரியாதையோடு வீடு திரும்பினார்கள். ஹன்னாவோடு பேசத் தெருவே தயங்கியது.

போர் முடிந்தபின், அந்த நால்வரில் ஒருவனான ஜாக்கின் தாய் மார்த்தா என்ட்விசில் தன்னிடமிருந்த அந்தப் படத்தைத் தேவாலயக் கூடத்தில் மாட்டக் கொடுத்தார். ஒரு ஞாயிறு, பாடல் நடந்துகொண்டிருந்தது. சபையைப் பார்த்தபடி முன்னால் அமர்ந்திருந்த ஆலை மேலாளர் ஹோல்ராய்டு, பக்கத்திலிருந்த புகைப்படக்காரரிடம் குசுகுசுத்தார். அலுவலக அறையிலேயே காலம் கழித்தவருக்கு, எதிரே இருப்பவர்கள் நெசவாளிகள் என்பது உறைக்கவில்லை.

“சனிக்கிழம நினைவுத்தூணத் திறக்க மேஜர் வர்றாரு, இந்தக் கூடத்துக்கும் வருவாரு. அதுக்குள்ள அந்த நடுவுல நிக்கிறவன் மூஞ்சிய மையால அழிச்சிடுப்பா.”

தேவாலய மாடி வரிசையில் இருந்த ஹன்னா அந்த உதட்டசைவைப் படித்துவிட்டார். எதிர்மாடியில் மார்த்தா. ஹன்னா குரலே இல்லாமல் அவளை நோக்கி உதட்டை அசைத்தார்.

“மார்த்தா, என் புள்ள மூஞ்சிய அழிக்கப்போறாங்களாம். படம் உன்னுது. நீ சம்மதிச்சியா?”

“எவன்டி சொன்னான்?”

“கீழ பாரு. நம்ம மேனேஜர் துரைதான்.”

பெண்கள் எல்லோரும் படித்தார்கள். பாட்டில் ஆண்குரல்கள் மட்டும் மிஞ்சின. மார்த்தா எழுந்து கீழே இறங்கி, கூடத்துக்குப் போய்ப் படத்தைக் கழற்றினார். ஹோல்ராய்டு பின்னாலேயே ஓடினார்.

“என்னம்மா இது, நடு ஆராதனையில?”

“என் ஜாக் அவன் பக்கத்துலதான் நிக்கிறான். அவன் ஊத்துன சூப்பத்தான் குடிச்சான். மை பூசணும்னா உங்க மூஞ்சில பூசிக்குங்க ஐயா.”

சனிக்கிழமை மேஜர் கூடத்துச் சுவரில் பார்த்தது வெறும் ஆணியை. நினைவுத்தூணில் வில்ஃப் பெயரை வெட்டவில்லை. படம் மார்த்தா வீட்டுச் சன்னலில், தெருவைப் பார்த்தபடி நின்றது. ஹன்னா சாகும்வரை தறியோட்டினார். ஆலைக்குப் போகும் வழி அந்தத் தெருதான்.