கஞ்சித்தொட்டிக்கு வந்த உத்தரவுகள்

கஞ்சித்தொட்டி நடத்துகிறவனுக்கு அடுப்புப் புகையைச் சமாளித்துவிடலாம், சர்க்கார் உத்தரவைச் சமாளிக்க முடியாது. தாலுகா கச்சேரி வாசலில் கால் கடுக்க நின்ற பாவப்பட்ட ஜென்மம் நீங்களும் என்றால், நான் சொல்வதைச் சத்தியமாக நம்புவீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் நெய்யூர்ப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரு சித்திரைக் கடைசியில் அடித்த புயலில் கடற்கரைக் குடிசைகளின் கூரையெல்லாம் பறந்துபோயின. பள்ளிக்கூடமும் விடுமுறை. "சும்மாதானே இருக்கீரு" என்று நிவாரணக் கமிட்டிக்காரர்கள் என் கையில் ஒரு அகப்பையைக் கொடுத்து அங்கே கஞ்சித்தொட்டி நடத்த அனுப்பிவிட்டார்கள்.

வண்டி நின்ற கதை

கோட்டாறு வியாபாரி ஒருவர், சாயபு, இரண்டு வண்டி அரிசியும் கூரை வேய முடைந்த ஓலையும் எங்களுக்கு அனுப்பினார். வண்டி இரணியல் வந்தது, உத்தரவும் வந்தது: தாசில்தார் கையெழுத்து இல்லாமல் தனியார் தருமம் எதுவும் நகரக்கூடாதாம். நான்கு நாள் வண்டி நின்றது. காளைகள் நின்ற இடத்தில் வைக்கோல் தின்று கொழுத்தன. இங்கே பிள்ளைகள் வெறும் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

சாயபு தாமே கச்சேரிக்கு வந்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்க, ஐயா கையெழுத்துப் போடணும்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, குமாஸ்தாக்கள் காதில் விழும்படி சொன்னார்: "ஏழைக்குச் சக்காத்துக் குடுண்ணு அல்லா உத்தரவு போட்டாச்சு. அதுக்கு மேல ஒப்பு போட தாசில்தாரு யாரு வாத்தியாரே?"

மண் சுமந்த கஞ்சி

ஐந்தாம் நாள் அனுமதி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது. சும்மா கஞ்சி ஊற்றினால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்களாம். எழுந்து நிற்க முடிந்தவர்கள் வேலை செய்துதான் குடிக்கவேண்டும். என்ன வேலை? புயல் சாலையில் கொட்டிய மணலை வாரிக் கடற்கரையில் போடுவது. காலையில் இவர்கள் கொண்டுபோய்ப் போடுவார்கள். சாயங்காலக் காற்று அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சாலையில் போடும். மறுநாளும் அதே மணல்தான், அதே கஞ்சிதான்.

பிலோமினா என்று ஒருத்தி. மீன் சுமந்து விற்பவள். புருஷன் செத்து இரண்டு வருஷம், மூன்று பிள்ளைகள், நாக்கு மட்டும் நல்ல கூர்மை. மூன்றாம் நாள் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சட்டியை நீட்டினாள்: "கடலுக்கும் ஒரு சட்டி ஊத்துங்க வாத்தியாரய்யா, அதுவும் நம்மள மாதிரி மண்ணுதானே சொமக்கு!"

ஓலைக்குப் பூட்டு

அடுத்த உத்தரவு ஓலைக்கு. வீடு இடிந்தவர்களுக்கு மட்டும்தான் ஓலையாம். சுவர் நின்றால் வீடு நிற்கிறது என்று அர்த்தமாம். கூரை? அதைப்பற்றி உத்தரவில் ஒரு எழுத்து கிடையாது. எங்கள் சாயபு கொடுத்த ஓலையைக் கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சேதி கேட்டதுதான் தாமதம், மத்தியானத்துக்குள் பத்துப் பேர் தங்கள் சுவரைத் தாங்களே தள்ளிவிட்டு, மண்குவியல்மேல் உட்கார்ந்து ஒப்பாரி வைத்து ஓலைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். பிலோமினா மட்டும் தள்ளவில்லை. எடவப்பாதி, அதுதான் தென்மேற்குப் பருவமழை, வருவதற்கு இன்னும் நாலு நாள்தான். அந்தப் பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பாள்? பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிற நானே அவளிடம் போய், "நீயும் ஒரு தள்ளு தள்ளிரேன் மக்கா" என்று காதைக் கடித்தேன். அவள் கண் கலங்கிவிட்டது: "எனக்க மாப்பிள மிதிச்சுக் குழைச்ச மண்ணு அய்யா இது. நாலு ஓலைக்காகத் தள்ளிட்டு, நான் செத்து மேல போனா அவருக்க மொகத்துல எப்படி முழிப்பேன்?"

தாசில்தார் வந்த நாள்

வெட்கமாகிவிட்டது எனக்கு. அவளுக்காக மனுமேல் மனு எழுதினேன். நாலாம் நாள் தாசில்தார் நேரிலேயே வந்தார், கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக. நாற்பதடி தள்ளி நின்று அவள் வீட்டை ஒரு பார்வை பார்த்தார். நான்கு சுவரையும் எண்ணினார். "வீடு வாசயோக்கியம்", அதாவது குடியிருக்கத் தகுந்தது, என்று எழுதினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நிற்கிறேன்.

மை காயவில்லை, மழை பிடித்துக்கொண்டது. அதுவும் சும்மா மழையா? எடவப்பாதி! காற்று அவர் குடையைப் பிடுங்கிக் கடலில் போட்டது. தாசில்தார் ஏமான் தம் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த வீட்டுக்கு ஓடினார். அது பிலோமினா வீடு. உள்ளேயும் அதே மழைதான். பிள்ளைகள் மூன்றும் மீன்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி நின்றன. நனைந்த கோழிபோல அவர் வாசலிலேயே திகைத்து நிற்க, பிலோமினா கைகூப்பி, வெகு மரியாதையாக அழைத்தாள்: "உள்ள வாருங்க ஏமானே, நனையாண்டாம்! சுவரு நாலும் நல்லா நிக்குதுல்லா!"

மழை விடுமுன்னே சாவி வந்தது, மறுநாள் அவள் வீட்டுக்கு ஓலையும் ஏறியது. அன்றுமுதல் சர்க்காருக்கு யார் மனு எழுதித் தரக் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான், காகிதத்தை அனுப்பாதே, மழை பார்த்து ஆளை வரவழை.