மதிலுக்கு அப்பால் பொரிந்த மீன்

பொரித்த மீன் மணம் மூக்கில் ஏறியதும் இரண்டாவது மாரடைப்பு வந்துவிட்டதென்றே நம்பினேன். முதலாவது வந்து மூன்று மாதம். அன்றிலிருந்து எங்கள் லிங்கநகர் வீட்டில் எண்ணெய்ச்சட்டி அடுப்பேறவில்லை. பிறகு எப்படி மணக்கும்? மூளையும் பழுதாகிவிட்டதென்று கதிரையிலிருந்தபடி நாடி பிடித்துப் பார்த்தேன். அது நிலாவெளி பஸ்ஸைப் போல விழுந்தடித்து ஓடியது.

இதே மணத்துக்கு முன்பும் ஒருமுறை செத்துப் பிழைத்தவன் நான். ஒன்பது வயதில், சல்லிக் கிராமத்தில், எனக்குக் கொப்புளிப்பான் என்னும் அம்மை. அம்மாள் வந்திருக்கும் வீட்டில் பொரிக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது. வேப்பிலைமேல் கிடந்தவனுக்குச் சூடைமீன் பொரியும் மணம் வந்தது.

"அம்மாள் கோவிச்சிட்டா! நான் சாகப்போறன்!"

என் கத்தலுக்கு அம்மா பின்வளவுக்கு ஓடினார். கருவாட்டுப் பந்தலுக்குப் பின்னால் அப்பா வாய் நிறைய மீனோடு நின்றார்.

"அம்மாள் வருத்தம் அவனுக்கெல்லே? எனக்கில்லையே."

அந்த அநியாயத்தை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அந்தக் கொதிப்போடு இப்போது கதிரையை விட்டு எழுந்து போய் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அடுத்த வீட்டுக் குசினிப் படியில் என் மனைவி, கையில் பொரித்த மீன்.

"களவாய்த் தின்னிறீரோ?"

"உங்களுக்குத் துணையாத்தான் உப்பில்லாக் கஞ்சி குடிச்சனான். இனி ஏலாதப்பா!"

"வருத்தக்காரன் நான். உம்மை ஆர் குடிக்கச் சொன்னது?"

சொன்ன பிறகுதான் அது அப்பா அன்று சொன்ன அதே கதையென்று உறைத்தது.

அடுத்த நாள் குசினிக்குள் நானே இறங்கினேன். மிளகும் தேசிக்காய் பிழிந்த புளியும் தடவி, வாழையிலையில் மீனைச் சுட்டேன். மனைவி இரண்டாந்தரம் கேட்டு வாங்கினாள்.

எனக்கு இரண்டாவது மாரடைப்பு வரவில்லை. அவளுக்குக் கஞ்சி அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் என் வேலை.